எந்த வருஷத்துப் புத்தகம்?

பெங்களூர் அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் 'சி' மொழிக்குப் புத்தகம் கேட்டால் ஒரு குவியலையே இறக்குவார்கள். சாஃப்ட்வேர் வேலையை நம்பி தமிழ்நாட்டிலிருந்து பஸ் ஏறி வந்த இளைஞர்களுக்குப் பழகிய அட்டைகள்தான். யஷவந்த் கனேட்கரின் 'லெட் அஸ் சி', அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பாலகுருசாமியின் புத்தகம், நடுவே ஒல்லியாக கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய 'தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்'.

வாங்குபவர்கள் விலையைப் பார்க்கிறார்கள். பதிப்பு ஆண்டைப் பார்ப்பவர்கள் குறைவு.

1990களில் நம் கல்லூரிகளில் கோலோச்சியது, டாஸில் ஓடிய டர்போ சி. அதை வைத்து எழுதிய புத்தகங்களில் 'இன்ட்' வகை எண்ணின் உச்சம் 32,767. இன்றைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் 2,147,483,647. திரையைத் துடைக்க அந்தப் புத்தகங்கள் சொல்லும் கட்டளையை லினக்ஸில் கொடுத்தால் கம்பைலர் கையை விரித்துவிடும். தப்பு தன்னுடையது என்று படிப்பவர் மாய்ந்துபோவார்.

இதையாவது சின்னத் தொல்லை எனலாம். 'கெட்ஸ்' விவகாரம் அப்படியல்ல. தட்டச்சு செய்வதையெல்லாம், இடம் இருக்கிறதா என்று பாராமல் வாங்கிக் கொட்டும் கட்டளை அது. 1988 நவம்பரில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று இந்த ஓட்டைதான். 2011இல் வந்த சி மொழித் தரம் கெட்ஸை நீக்கியே விட்டது. பழைய புத்தகங்களிலோ அது இன்னும் சௌக்கியமாக இருக்கிறது. வேதம் என்று கொண்டாடப்படும் கெர்னிகன்-ரிட்சியின் இரண்டாம் பதிப்பிலும் உண்டு. அதுவும் 1988இல் வந்ததுதான்!

அதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை. சுருக்கத்திலும் தெளிவிலும் அதற்கு ஈடு குறைவு. ஆனால் புரோகிராம் எழுதுவதில் ஓரளவு பழக்கம் உள்ளவர்களுக்கே எழுதியது; ஆசிரியர்களே முன்னுரையில் சொல்லிவிடுகிறார்கள். முதல்முறை படிப்பவர் கனேட்கர், பாலகுருசாமி புத்தகங்களின் புதிய பதிப்பில் ஆரம்பித்து, பிறகு இதற்கு வரலாம்.

கடையில் நின்றபடியே ஒரு சோதனை செய்யலாம். எல்லோரையும் குழப்பும் 'பாயின்டர்' பகுதியை இரண்டு புத்தகங்களில் படியுங்கள். எது புரிகிறதோ அதைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசிப் பக்கங்களில் சொல்லகராதி இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தபோது தேடிப் பிடிக்க அது வேண்டும். பிறகு அதிலேயே கெட்ஸைத் தேடுங்கள். அந்தப் பக்கத்தில் எச்சரிக்கை எதுவும் இல்லையென்றால், குவியலில் அடுத்த புத்தகம் இருக்கிறது.