விரல் படாத ஸா

பள்ளி பேண்ட் குழுவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் கைக்கு ட்ரம்பெட் வந்ததும் விரல்களுக்குத்தான் அவசரம். மூன்று வால்வுகளையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்க்கும். ஊதினால் வெறும் காற்றுதான் வரும். விரலை எடு என்பார் பேண்ட் மாஸ்டர். எந்த வால்வையும் தொடாமல், உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஊதப் பழகினால் சில நாட்களில் மூன்று ஒலிகள் பிடிபடும்: கீழ் ஸா, பா, மேல் ஸா.

ஸாவையும் பாவையும் அசையா ஸ்வரங்கள் என்கிறது கர்நாடக இசை. மற்ற ஐந்தும் ராகத்துக்கு ராகம் இடம் மாறும். இவை இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ட்ரம்பெட்டைச் செய்த ஐரோப்பியர்களுக்குக் கர்நாடக இசை இலக்கணம் எழுதிய வேங்கடமகியைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. குழாய்க்குள் அடைபட்ட காற்று அதிரும் விதமே அப்படி.

மற்ற ஸ்வரங்களுக்கு விரல் வேண்டும். இரண்டாம் வால்வு ஒலியை அரை ஸ்வரம் இறக்கும், முதல் வால்வு ஒரு ஸ்வரம், மூன்றாவது ஒன்றரை. மாஸ்டர் கரும்பலகையில் எழுதிப்போடும் ‘ஸி ஸ்கேல்’ இந்தக் கணக்கில்தான் ஓடும். ரிக்கு ஒன்றும் மூன்றும், காவுக்கு ஒன்றும் இரண்டும், மாவுக்கு ஒன்று மட்டும். பாவுக்கு விரல் வேண்டாம். தாவுக்கு மறுபடி ஒன்றும் இரண்டும், நிக்கு இரண்டு மட்டும், மேல் ஸாவுக்கு மறுபடி வெறும் உதடு. பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளை இதைக் கேட்டதும் சங்கராபரண ராகம் என்று சொல்லிவிடும்.

கேரளத்தின் தென்கோடியில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் அப்படிச் சொல்லக்கூடிய பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை, அங்கிருந்து தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு கிழித்தவர்கள் பாட்டைப் பிரிக்கவில்லை. இரு பக்கத்துப் பாட்டு வகுப்பும் ஒரே மாயாமாளவகௌளை ராகத்தில்தான் தொடங்குகிறது.

அங்கேதான் ட்ரம்பெட் பிள்ளைக்குச் சிக்கல். மாயாமாளவகௌளைக்கும் சங்கராபரணத்துக்கும் வித்தியாசம் இரண்டே ஸ்வரங்கள், ரியும் தாவும். இரண்டும் அரை ஸ்வரம் கீழே இறங்க வேண்டும். தாவுக்கு இரண்டும் மூன்றும் அழுத்தினால் போதும். கீழ் ஸாவை ஒட்டிய சுத்த ரிஷபத்துக்கோ மூன்று வால்வுகளையும் சேர்த்து அழுத்த வேண்டும். அப்போது ஒலி சற்று ஏறிக் கேட்கும். அதை இறக்க மூன்றாம் வால்வின் இழுகுழாயை இடக்கை விரலால் வெளியே தள்ள வேண்டும். வாய்ப்பாட்டில் முதல் நாளே பாடும் ரி, ட்ரம்பெட்டில் அடம்பிடிக்கிற ரி. பாட்டு வகுப்பின் முதல் பாடத்தை ட்ரம்பெட் பிள்ளைக்கு முதல் பாடமாக வைக்காதது நியாயம்தான்.

பேண்டும் சங்கராபரணமும் சேர்ந்த கதை பழையது. முத்துசுவாமி தீட்சிதர் (1776–1835) சென்னையில் இருந்த நாட்களில் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்ட் வாசிப்பைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்யம் எழுதினார். ‘நொட்டுஸ்வரம்’ என்று பெயர் பெற்ற அவை சுமார் 40, எல்லாம் சங்கராபரணம். ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. கமகம் இல்லாத நேர் ஸ்வரங்கள் என்பதால் இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

எல்லைக் கிராமங்களில் இந்தச் சந்திப்பு தேவாலயத்தில் நடந்தது. நெய்யாற்றின்கரையை அடுத்த திருப்புறத்தில் 1847இல் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார், லண்டன் மிஷன் சபையைச் சேர்ந்தவர். ஆங்கில ஞானப்பாட்டுகளை மலையாளத்தில் பெயர்த்தார். கர்நாடக முறையில் கீர்த்தனைகளும் இயற்றினார். தேவாலயப் பாடகர் குழுக்களில் புழங்கும் ‘டானிக் சோல்ஃபா’ முறையில் ‘டோ’ எந்தச் சுருதிக்கும் நகரும். நம்முடைய ஸா போலவே.

இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு பேண்டின் பெரிய குழப்பம் ஒன்று எளிதில் தீரும். ட்ரம்பெட்டில் ‘ஸி’ என்று எழுதியதை ஊதினால் கேட்பது பி ஃபிளாட். நம் சுருதிக் கணக்கில் ஆறரைக் கட்டை. ஆல்ட்டோ சாக்ஸபோனில் அதே ‘ஸி’ இரண்டரைக் கட்டையாக ஒலிக்கும். இருவரும் சேர்ந்து வாசிக்க வேண்டுமானால் ட்ரம்பெட் பிள்ளை ஸி ஸ்கேலிலும் பக்கத்துச் சாக்ஸபோன் பிள்ளை ஜி ஸ்கேலிலும் இருக்க வேண்டும். பெயர்தான் வேறு, ஸா ஒன்றே. கேரளப் பள்ளிக் கலோல்சவத்தில் பேண்ட் மேளத்துக்குத் தயாராகும் குழு முதலில் ஒத்துப்போக வேண்டியது இங்கேதான். நடை, திருப்பம், தொப்பி எல்லாம் அப்புறம்.

பாட்டு வகுப்பு என்றால் பாறசாலை ஒரு பெயரை மறக்காது. 1924இல் அங்கே தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொன்னம்மாள், திருவனந்தபுரத்தில் 1939இல் தொடங்கி இன்று ஸ்வாதித் திருநாள் இசைக் கல்லூரி எனப்படும் நிறுவனத்தில் சேர்ந்த முதல் பெண். படித்து முடித்து அவர் போனது பள்ளிக்கூடத்துக்கு. காட்டன்ஹில் பெண்கள் பள்ளியில் பாட்டு ஆசிரியை. பிறகு கல்லூரி, திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் முதல்வர். பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கமே இருக்கவில்லை. 2006இல் அங்கே முதன்முதலாகப் பாடிய பெண் அவர்தான். அப்போது வயது 80ஐத் தாண்டியிருந்தது. 2021இல் மறைந்தார்.

பள்ளி பேண்டுக்கு மண்டபம் கிடையாது, அசெம்பிளி மைதானம்தான். அங்கே தவறாமல் வாசிக்க வேண்டியது தேசிய கீதம். அதன் தொடக்கமே ஸ்கேல் பயிற்சிதான்: ஸா, ரி, பிறகு திரும்பத் திரும்ப கா. பெரும்பகுதி சங்கராபரண ஸ்வரங்களிலேயே போகும். நிலப்பகுதிகளின் பெயர்கள் வரிசையாக வரும் இடத்தில், பாவில் நின்றபடி சட்டென்று ஒரு பிரதி மத்யமம் தலைகாட்டும். சங்கராபரணத்தில் இல்லாத மா. முதல் வால்வை விட்டுவிட்டு இரண்டாவதை அழுத்த வேண்டும். ஸ்கேல் பழகிய விரல் தானாக முதல் வால்வுக்கே போய்விடும். சைட் டிரம் சத்தத்தில் அது பெரும்பாலும் யார் காதிலும் விழாது. மாஸ்டர் மட்டும் அந்தத் திசையில் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.