ஒரு கைப்பிடி அரிசியின் கணக்கு

பஞ்சாபின் வற்றும் கிணறுகளையும் நகரவாசியின் ரத்தச் சர்க்கரையையும் இணைப்பது ஒரே தானியம். மாற்று என்னவென்று தெரியும். குறுக்கே நிற்பது கொள்முதல்.

பஞ்சாபியர்கள் சோறு அதிகம் சாப்பிடுவதில்லை. கோதுமை ரொட்டி, பருப்பு, குளிர்காலத்தில் மக்காச்சோள ரொட்டியும் கடுகுக் கீரையும் - இதுதான் அவர்கள் வீட்டுச் சாப்பாடு. ஆனால் ஜூன் மாதக் கடைசியில் லூதியானாவிலிருந்து சங்ரூர் போகும் சாலையின் இரு பக்கமும் தண்ணீர் தேங்கிய நெல் வயல்கள்தான். 1960-61ல் அந்த மாநிலத்தில் நெல் பயிரான பரப்பு சுமார் 2.3 லட்சம் ஹெக்டேர். இன்று அது 30 லட்சம் ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. விளையும் அரிசியில் பெரும்பகுதி மத்தியத் தொகுப்புக்குப் போகிறது. அங்கிருந்து ரயிலேறி மற்ற மாநிலங்களின் ரேஷன் கடைகளை அடைகிறது. சாப்பிடுபவர் ஓரிடம், தண்ணீர் கொடுப்பவர் வேறிடம்.

அந்தத் தண்ணீர்தான் இப்போது பிரச்னை. பஞ்சாபில் ஒரு கிலோ அரிசி விளைய சில ஆயிரம் லிட்டர் தண்ணீர் செலவாகிறது. மழை போதாது, ஆழ்குழாய்க் கிணறுகள்தான் கதி. 1997ல் வந்த இலவச மின்சாரம் (இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக) மோட்டார்களை ஓயவிடவில்லை. ஓராண்டில் பாதுகாப்பாக எடுக்கக்கூடிய நிலத்தடி நீர் 100 லிட்டர் என்றால், பஞ்சாப் எடுப்பது 150 லிட்டருக்கும் மேல் என்கின்றன மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்குகள். பசுமைப் புரட்சி முளைவிட்ட காலத்திலேயே, 1968ல் வாரணாசியில் நடந்த அறிவியல் மாநாட்டில், மண்வளத்தையும் நீரையும் கவனிக்காமல் விளைச்சலை மட்டும் துரத்துவது ஆபத்து என்று எம்.எஸ். சுவாமிநாதன் எச்சரித்திருந்தார்.

கிணற்றைக் காப்பாற்றச் செய்த முயற்சி காற்றில் போய் முடிந்தது. ஜூன் 10க்கு முன் நாற்று நடக்கூடாது என்று 2009ல் பஞ்சாப் சட்டம் கொண்டுவந்தது. கொளுத்தும் வெயிலில் ஆவியாகும் நீர் மிச்சப்பட்டது. ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைக்க இரண்டு, மூன்று வாரங்களே மிச்சம். அறுவடை இயந்திரம் விட்டுச்சென்ற தாளை அகற்றக் கூலியும் இல்லை, நேரமும் இல்லை. தீக்குச்சி மலிவு. வடமேற்குக் காற்று அந்தப் புகையை டெல்லிப் பக்கம் தள்ளுகிறது. தலைநகரின் புகைக்கு வாகனங்களும் தொழிற்சாலைகளும் காரணம்தான் என்றாலும், அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் வயல் புகையும் சேர்ந்துகொள்கிறது.

சாப்பிடுபவருக்காவது இதில் லாபம் உண்டா? 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025ல் வெளிவந்தது. இந்தியர் உண்ணும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அதிலும் பெரும்பங்கு தீட்டிய அரிசி, அரைத்த தானிய மாவு, சர்க்கரை. புரதத்தின் பங்கு 12 சதவீதம்தான்.

அரிசிக்குப் பதில் சிறுதானியம் என்று உடனே சொல்லத் தோன்றும். 2023ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கம்பு பிஸ்கட், வரகு நூடுல்ஸ் எல்லாம் கடைக்கு வந்துவிட்டன. மழையை நம்பி விளையும் இந்தப் பயிர்கள் மண்ணுக்கு நல்லவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 2025 ஆய்வு இங்கே ஒரு குட்டு வைக்கிறது. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் அரிசியின் இடத்தில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்தால் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மூன்று தோசை சாப்பிட்டவர் மூன்று கேழ்வரகு தோசை சாப்பிட்டால் சர்க்கரை ஏமாந்துவிடாது. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து அங்கே பருப்பு போன்ற தாவரப் புரதத்தையோ பால், தயிரையோ வைத்தால் அபாயம் குறைகிறது. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தானியத்தின் பங்கு கலோரியில் 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது.

உடம்புக்குத் தேவையான அந்தப் பருப்பே நிலத்துக்கும் தேவை. பயறுவகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் யூரியா செலவு குறைகிறது. நெல்லைப்போல வயலில் நீரைத் தேக்க வேண்டியதில்லை. எனவே நீர் தேங்கிய வயலில் உருவாகும் மீத்தேன் வாயுவும் இல்லை.

இவ்வளவு நல்ல பயிரை விவசாயி ஏன் விதைப்பதில்லை? நெல்லுக்கும் கோதுமைக்கும் அரசு ஆதரவு விலையை அறிவிப்பதோடு மூட்டை மூட்டையாக வாங்கியும் கொள்கிறது. பருப்புக்கு அறிவிப்பு உண்டு, வாங்கும் ஆள் அபூர்வம். 2022ல் பஞ்சாப் அரசு கோடைப் பாசிப்பயறை ஆதரவு விலைக்கு வாங்குவதாகச் சொன்னது. நம்பி விதைத்தவர்களில் பெரும்பாலோர் கடைசியில் தனியார் வியாபாரியிடம் குறைந்த விலைக்குத்தான் விற்றார்கள். 2024-25ல் இந்தியா 70 லட்சம் டன்னுக்கு மேல் பருப்பு இறக்குமதி செய்தது. அதே காலத்தில் கிடங்குகளில் அரிசி நிரம்பி வழிந்தது. எத்தனால் தயாரிக்கவே 52 லட்சம் டன் ஒதுக்கப்பட்டது.

ரேஷன் கடையிலும் இதே கணக்குதான். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் தலைக்கு 5 கிலோ தானியம் தருகிறது. பருப்பு அதில் இல்லை. தமிழகம் போன்ற சில மாநிலங்கள்தான் சொந்தச் செலவில் துவரம் பருப்பை மானிய விலையில் தருகின்றன. இலவசமாக வரும் அரிசியைக் குறைத்துவிட்டு விலைக்குப் பருப்பு வாங்கு என்று ஒரு கூலித் தொழிலாளியிடம் சொல்வதில் அர்த்தமில்லை.

அரசு மனம் வைத்தால் தட்டு மாறும் என்பதற்கு ஒடிஷா சாட்சி. 2017ல் அங்கே தொடங்கிய சிறுதானியத் திட்டம் கோராபுட் போன்ற பழங்குடி மாவட்டங்களில் கேழ்வரகை ஆதரவு விலைக்கு வாங்கியது. வாங்கியதை ரேஷனில் கொடுத்தது. கியோஞ்சரில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்குக் கேழ்வரகு லட்டாகக் கொடுத்தது. 2023ல் தமிழகமும் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியது.

வாங்க முடிந்தவர்களுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. உலையில் ஒரு கைப்பிடி அரிசி குறையட்டும். குழம்பில் பருப்பு கெட்டியாகட்டும். மாலைப் பலகாரம் சுண்டலாகட்டும். ஆனால் பஞ்சாப் விவசாயி நகரத்துத் தட்டைப் பார்த்து விதைப்பதில்லை. நடவுக் காலத்தில் வரும் ஆதரவு விலை அறிவிப்பையும், அறுவடையின்போது மண்டியில் அரசு எதை எடைபோட்டு வாங்குகிறது என்பதையும்தான் பார்க்கிறார். அங்கே பருப்பு மூட்டைக்கும் ஆள் வரும் வரை அவருடைய மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.