ஷெஷ் பெஷ் விழுந்தால் என்ன செய்வது?

5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. கான்ஸ்டான்டிநோபிளில் பேரரசர் ஜீனோ ‘டாபுலா’ ஆடிக்கொண்டிருக்கிறார். மூன்று பகடை உருட்டும் ஆட்டம். விழுந்தது 2, 5, 6. அதை ஆடி முடித்தபோது அவருடைய எட்டுக் காய்கள் தனித்தனியாக, வெட்டுக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. பேரரசராக இருந்தென்ன, விழுந்த எண்ணை ஆடித்தானே தீர வேண்டும்! அடுத்த நூற்றாண்டில் அகாத்தியாஸ் என்ற கவிஞர் இந்தச் சங்கடத்தை ஒரு கவிதையாகவே எழுதிவைத்துவிட்டார்.

அந்த நகரம் இன்று இஸ்தான்புல். ‘டாபுலா’ என்ற பெயரும் தேய்ந்து ‘தாவ்லா’ ஆகி, காபிக் கடை மேசைகளில் உருண்டுகொண்டிருக்கிறது. ஆங்கிலம் பேசும் உலகம் அதை பேக்கேமன் என்கிறது. பலகையில் 24 முனைகள், ஆளுக்கு 15 காய், இரண்டு பகடை. பதினைந்தையும் தன் பக்கத்துக் கடைசி ஆறு முனைகளுக்குள் கொண்டுவந்த பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். நம்மூர்த் தாயத்தில் பழம் என்போமே, கிட்டத்தட்ட அதுதான்.

தனியாக நிற்கும் காயை எதிராளி வெட்டலாம். வெட்டுப்பட்ட காய் நடுக்கட்டையில் போய் உட்காரும். வெட்டியவரின் கடைசி ஆறு முனைகள் வழியாகத்தான் அது மறுபடி உள்ளே வர முடியும். ஒரு முனையில் இரண்டு காய் சேர்ந்துவிட்டால் அங்கே அது கால் வைக்க முடியாது. இப்படி அடைபட்ட முனையைத் துருக்கியர் ‘கபி’ என்கிறார்கள். கதவு என்று பொருள். ஆறு கதவும் சாத்தப்பட்டால் எதிராளி பகடையைத் தொடுவதில்கூட அர்த்தமில்லை. கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

ஆட்டம் முடிந்த மாதிரிதான் தோன்றும். ஆனால் பழமெடுக்க ஆரம்பித்ததும், சாத்திய கதவுகளைச் சாத்தியவரே திறந்தாக வேண்டும். எந்தக் கதவை முதலில், எப்படித் திறப்பது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

ஒரு நிலையைப் பார்க்கலாம். கடைசி ஆறு முனைகளை வெளியேறும் பக்கத்திலிருந்து 1, 2 என்று எண்ணிக்கொண்டால், 6, 5, 4ஆம் முனைகளில் மும்மூன்று காய். 3, 2, 1இல் இரண்டிரண்டு. மொத்தம் 15. நடுக்கட்டையில் எதிராளியின் காய் ஒன்று. பகடையில் 5, 4 விழுகிறது. புதிதாக ஆடுகிறவருக்குக் கை துறுதுறுக்கும்: 5இல் ஒன்று, 4இல் ஒன்று, ஆக இரண்டு பழம். ஆறு கதவும் இன்னும் சாத்தியே இருக்கின்றன, எல்லாம் சௌக்கியம். ஆனால் உபரியாக மிஞ்சியிருக்கும் ஒரே காய் 6ஆம் முனையில் அல்லவா மாட்டிக்கொண்டது! அடுத்த முறை விழக்கூடிய 36 விதங்களில் 12, ஏதோ ஒரு காயைத் தனியாக விட்டே தீரும். 6-5 விழுந்தால் 6இலிருந்து ஒன்றை எடுத்துவிட்டு, 5ஐ எந்தக் காயால் ஆடினாலும் ஒற்றைதான். தனித்த காயை எதிராளி வெட்டுவதற்கான வாய்ப்பு 36க்கு 11.

அனுபவசாலி அதே 5, 4ஐ வேறுவிதமாக ஆடுவார். 5இல் ஒன்றைப் பழமெடுப்பார். நாலுக்கு 6ஆம் முனையின் உபரிக் காயை 2க்கு இறக்குவார். கிடைத்தது ஒரே பழம். ஆனால் 6இலும் 5இலும் இப்போது இரண்டிரண்டு காய். அடுத்த முறை விழக்கூடிய 36 விதங்களில் ஒன்றுகூட அவரைச் சிக்கவைக்காது. பின்னால் உள்ள இரண்டு முனைகளிலும் சேர்த்து இரட்டைப்படையாகக் காய் வைத்துக்கொள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான். சந்தேகப்படுகிறவர்கள் பலகையை விரித்து, விதம் விதமாக வைத்து எண்ணிப் பார்க்கலாம். மழைநாளுக்கு ஏற்ற வேலை.

பின்னாலிருந்து, அதாவது 6ஆம் முனையிலிருந்து, காலி செய்துகொண்டு வர வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. எதிராளியின் காய் 6 வழியாக உள்ளே வந்தால் மற்ற ஐந்து முனைகளும் அதன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பின்னால் திரும்பி வெட்ட விதி இல்லை. நடுவில் 3ஐத் திறந்துவிட்டாலோ, அந்தக் காய் அங்கேயே குந்திக்கொண்டு 4, 5, 6இல் இருப்பவற்றுக்கு வலை வீசும்.

எப்போதும் இந்தப் பத்திரம் தேவையா? இல்லை. எதிராளி ஏற்கனவே 10 காயைப் பழமெடுத்துவிட்ட பிறகு அவருடைய ஒரு காய் மாட்டியிருந்தால், ஆறு கதவைச் சாத்தியும் வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய சரிபாதிதான். அங்கே நிதானம் கட்டுப்படியாகாது, ஓட வேண்டும். மாறாக, அவர் இன்னும் ஒரு பழம்கூட எடுக்கவில்லை என்றால் முந்திக்கொண்டு முடிப்பவருக்கு இரட்டைப் புள்ளி. துருக்கியில் அதற்கு ‘மார்ஸ்’ என்று பெயர். அந்த ஆசையில் கைக்கு வந்த ஆட்டத்தையே கோட்டை விட்டவர்கள் எத்தனையோ பேர்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும்: எதிராளியின் வீடு, அதாவது அவருடைய கடைசி ஆறு முனைகள், எந்த நிலையில் இருக்கிறது? அமெரிக்காவின் பால் மேக்ரியல் 1976இல் எழுதிய ‘பேக்கேமன்’ நூலில், துணிவதா பதுங்குவதா என்று முடிவெடுக்க அவர் சொன்ன அளவுகோல்களில் இது முக்கியமானது. எதிராளியின் கதவுகள் உடைந்து கிடக்கின்றன என்றால் வெட்டுப்பட்டாலும் சுலபமாகத் திரும்பி வரலாம். துணிய வேண்டிய நேரம் அதுதான். அவை உறுதியாக நிற்கும்போது ஒரு வெட்டே போதும், ஆட்டம் தலைகீழாகிவிடும்.

இஸ்தான்புல்லில் 6-5க்கு ‘ஷெஷ் பெஷ்’ என்று பெயர். ஷெஷ் பாரசீக ஆறு, பெஷ் துருக்கி ஐந்து. ஒரே பழத்தோடு நின்றாரே, அந்த அனுபவசாலிக்கு இப்போது அதுவே விழுகிறது. 6இலிருந்து ஒன்றைப் பழமெடுக்கிறார், மற்றதை 1க்கு இறக்குகிறார். முதல் கதவு திறந்துவிட்டது. இவ்வளவு நேரம் சும்மா இருந்த எதிராளி பகடையைக் குலுக்குகிறார். அவருக்கு ஆறு விழ வேண்டும். 36க்கு 25 முறை விழாது. உபயோகமில்லாத அந்த உருட்டலைத் துருக்கியர் ‘கெலெ’ என்பார்கள். ஆறு விழுந்து அவர் உள்ளே வந்தாலும், அவர் முன்னால் வெட்டுவதற்கு ஒரு காயும் இல்லை.