மனசுக்குள் ஓடும் குரல் – 9: வேல்ஸ்காரர்களின் இரண்டு நொடி

ஒரே மூச்சில் ஏறக்குறைய ஏழு உருப்படிகள்தான் நினைவில் நிற்கும் என்ற மில்லரின் கணக்கையும், 1974-ல் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும், வேலை முடியும்வரை விஷயங்களைப் பிடித்துவைக்கும் செயல்படு நினைவை மைய நிர்வாகி, ஒலிச்சுழல், காட்சிப் பலகை என்று மூன்றாகப் பிரித்ததையும் போன வாரமே பார்த்தாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் மைய நிர்வாகியின் முறை என்று சொல்லியிருந்தேன். ஆனால் ஒலிச்சுழலுக்குள் ஒரு கணக்கு அகப்பட்டுவிட்டது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

குழந்தைகளுக்கான வெக்ஸ்லர் நுண்ணறிவுத் தேர்வில், சொல்லப்படும் எண்களை அதே வரிசையில் திருப்பிச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. அதன் வெல்ஷ் மொழி வடிவத்தில் இந்தப் பகுதியின் சராசரி குறைவாக இருந்தது. வேல்ஸ் பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி மட்டு என்று தீர்ப்பெழுத அவசரக்காரர் ஒருவருக்கு இதுவே போதும். எல்லிஸும் ஹென்னலியும் அவசரப்படவில்லை. 1980-ல் வெளியான ஆய்வில், இரண்டு மொழியும் தெரிந்தவர்களையே இரண்டு மொழியிலும் சோதித்தார்கள். ஆங்கிலத்தில் சராசரியாக 6.55 எண்கள் நின்றன, வெல்ஷில் 5.77. ஒரே ஆள், ஒரே மூளை, மொழி மாறியதும் முக்கால் எண் காணாமல் போகிறது! கூடவே, ஓர் எண்ணை வாசிக்க ஆகும் நேரத்தையும் அளந்தார்கள்: ஆங்கிலத்தில் 321 மில்லி நொடி, வெல்ஷில் 385. இப்போது பெருக்கிப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு 2.1 நொடி, வெல்ஷுக்கு 2.2 நொடி. எண்ணிக்கை வேறானாலும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. இரண்டு நொடிக்குள் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவுதான் நினைவில் நிற்கும் என்று பேட்லியும் சகாக்களும் 1975-ல் சொன்னது இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

வெல்ஷ் எண்கள் நீளமான சொற்களா என்றால், அதுவும் இல்லை. ஈன், டை, ட்ரீ, பெட்வார் என்று போகும் வரிசையில் நான்கைக் குறிக்கும் பெட்வார் மட்டுமே ஈரசை, மற்றதெல்லாம் ஓரசை. ஆங்கிலத்திலும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை ‘செவன்’ ஒன்றுதான் ஈரசை. அசைக் கணக்கில் இரண்டும் சரிசமம். வித்தியாசம் உயிரொலி இழுபடும் நேரத்தில் இருக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று மாத்திரை போட்டுப் பழகிய நமக்கு இது புதிதல்ல: எழுத்தின் எண்ணிக்கை வேறு, அது பிடிக்கும் காலம் வேறு. ஆகவே ஏழு என்பது மனசுக்குள் இருக்கும் அறைகளின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒலிச்சுழலில், உள்ளுக்குள் ஒரு குரல், அழியப்போகும் ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் புதுப்பிக்கிறது. ஒரு சுற்று முடிவதற்குள் எது மிஞ்சுகிறதோ அதுவே கொள்ளளவு. என் வாதம் இதுதான்.

மறுப்பு வராமலா இருக்கும்? சோதிக்கப்பட்டவர்களுக்கு வெல்ஷ் சரளமாக வராதோ என்று கேட்கலாம். தங்களுக்கு வெல்ஷ்தான் நன்றாக வரும் என்று அவர்களே சொன்னார்கள். சரி, எண்களை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகியிருக்கலாமே? இது கொஞ்சம் கனமான கேள்வி. இதற்கு விடை சோதனையின் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. சம்பந்தமில்லாத ஒன்றை விடாமல் முணுமுணுக்க வைத்து உள்குரலை அடைத்தபோது, இரு மொழிகளுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. பழக்கம் மட்டுமே காரணமென்றால், வாயை அடைத்த பிறகும் அதன் பலன் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். 1997-ல் சின்கோட்டாவும் அண்டர்வுட்டும் சீனம், ஃபின்னிஷ், கிரேக்கம் உட்பட ஆறு மொழிகளில் சோதித்தார்கள். சீன மொழிக்காரர்கள் முந்தினார்கள்; முணுமுணுக்க வைத்ததும் அந்த முன்னிலை போய்விட்டது.

இன்னொரு மறுப்பை இவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. 2000-ல் லோவட், ஏவன்ஸ், மாஸ்டர்சன் மூவரும் ஒரே அசை எண்ணிக்கை உள்ள, ஆனால் உச்சரிக்கும் நேரம் வேறான சொற்களைப் புதிதாகத் தேர்ந்தெடுத்துச் சோதித்தார்கள். நேரத்தால் வித்தியாசம் வரவில்லை. பழைய முடிவு, பழைய சொற்பட்டியலின் விசேஷமாக இருக்கலாம் என்றாயிற்று. எனவே இரண்டு நொடி என்பதைக் கல்லில் வெட்டிய சட்டமாக எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. ஆனால் இந்த மறுப்பு அடிப்பது கடிகாரத்தைத்தான், குரலை அல்ல. குரலை அடைத்தால் வித்தியாசம் மறைகிறது என்ற சாட்சியம் அப்படியே நிற்கிறது. அந்தக் குரலுக்கு வாய்கூடத் தேவையில்லை. மூளைச் சேதத்தால் பேசும் திறனையே இழந்தவர்களிடமும் உள்ளுக்குள் சொல்லிப் பார்க்கும் வேலை நடப்பதை 1985-ல் பேட்லியும் பார்பரா வில்சனும் காட்டினார்கள். அமெரிக்கச் சைகை மொழி பேசும் காதுகேளாதவர்களுக்கு, நீண்ட அசைவுள்ள சைகைகள் குறைவாகவே நினைவில் நின்றன என்று 1998-ல் மார்கரெட் வில்சனும் கேரன் எம்மோரியும் கண்டார்கள். உள்குரல் என்று நாம் சொல்வது ஒலியைவிட, சொல்வதற்கான ஆயத்தம் என்று தோன்றுகிறது. அப்படியிருக்க, ஒரு மொழிக்காரர்களின் மதிப்பெண்ணை வைத்து இன்னொரு மொழிக்காரர்களின் அறிவை எடைபோடுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

இடம் தீர்ந்துவிட்டது, மைய நிர்வாகி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகிறார். அதுவரை ஒரு புதிர். ஒலிச்சுழலை எட்டு எண்கள் வரை போட்டு நிரப்பி, அவற்றை உரக்கச் சொல்லிக்கொண்டே தர்க்க வாக்கியங்கள் சரியா தவறா என்று தீர்மானிக்கச் சொன்னார் பேட்லி. நேரம்தான் கூடியது, பிழை 5 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. நினைவெல்லாம் அந்தச் சுழல்தான் என்றால், அது முழுக்க நிரம்பியிருந்தபோது யோசித்தது யார்?