இயந்திர வாளின் சங்கிலி கழலுவதேன்?

மரமறுக்கும் இயந்திர வாளின் சங்கிலி அடிக்கடி கழலுமாயின், வாளைப் பழிக்குமுன் நாம் காரணத்தை ஆராய்தல் வேண்டும். முதற்கண் இயந்திரத்தை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் இணைப்பைக் கழற்றுவோமாக.

பெரும்பாலும் காரணம் தளர்ச்சியே. புதுச் சங்கிலி சிறிது நேர உழைப்பிலேயே தளர்ந்துவிடும். அது ஓடும் சட்டத்தின் நுனியை உயர்த்திப் பிடித்துச் சங்கிலியை இறுக்கி, அதன் பின்னரே நட்டுகளை முறுக்குதல் வேண்டும். சங்கிலி சட்டத்தின் அடியில் தொங்கலாகாது. ஆயினும் உறையணிந்த கையால் இழுக்கத் தடையின்றி ஓடுதல் வேண்டும். சூட்டில் இறுக்கியதை வேலை முடிந்ததும் தளர்த்துதல் நன்று. ஏனெனில், அது குளிர்ந்தபின் சுருங்கும்.

இவ்வாறு இறுக்கியும் கழலுமாயின், சட்டத்தின் பள்ளமும் பற்சக்கரமும் தேய்ந்துள்ளனவா என நோக்குக. அளவும் பொருந்துதல் வேண்டும், 0.325 அங்குலச் சங்கிலி 3/8 அங்குலப் பற்சக்கரத்திற்கு ஆகாது.

கழன்ற சங்கிலி அறுப்போன் கையையே தாக்கக்கூடும். ஆதலின், இச்சிறு சோதனையைச் சோம்பலால் விடுதல் அறிவுடைமையன்று.