கொல்லையில் வளர்த்த கோரை

பாய் மொத்த வியாபாரத்தில் எனக்கு நாற்பது வருட அனுபவம். கட்டைக் கையில் தூக்கினாலே கோரையின் ஈரத்தைச் சொல்லிவிடுவேன். கறுப்புப் புள்ளி விழுந்த கோரைக்கு விலையில் கழிவு போடுவது எங்கள் கடை வழக்கம். காயப்போட்டவரின் அலட்சியம் என்பதே என் எண்ணம்.

கடைப் பொறுப்பை மகனிடம் கொடுத்தபின், பொழுதுபோக்காக வீட்டுக் கொல்லையில் கோரை வைத்தேன். கரூர், நாமக்கல், திருச்சி மாவட்டங்களில் காவிரிக் கரையோரம் விளைகிற அதே பாய்க்கோரைதான். பார்வைக்குப் புல், ஆனால் புல் இனம் அல்ல. தண்டை விரலில் உருட்டினால் மூன்று பட்டை தெரியும். விதை தேவையில்லை. பழைய வயலில் தோண்டிய கிழங்கைத் துண்டு துண்டாக ஊன்றினால் முளைத்துவிடும். நல்ல வெயிலும், மண்ணில் ஓயாத ஈரமும் வேண்டும். குளியலறைத் தண்ணீர் ஓடும் இடம் எனக்குத் தோதாயிற்று. தண்ணீரைத் தேங்க விடாதீர்கள், கொசு வரும். நேரடியாக மண்ணில் வைத்ததுதான் என் தவறு. கிழங்கு அடியிலேயே ஓடி, என் மனைவியின் கனகாம்பரப் பாத்தியில் தலைகாட்டியது. அதன்பிறகு பழைய சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றினேன்.

நெஞ்சு உயரம் வந்ததும் அறுத்தேன். பச்சையாக இருக்கும்போதே கிழித்துவிட வேண்டும். காய்ந்தால் கத்திக்கு வராது. கிழித்து மாடியில் பரப்பினேன். இரண்டு நாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் விடியற்காலையில் தூறல். போர்வையை எடுத்துக்கொண்டு ஓடியும் பயனில்லை. மறுநாள் பார்த்தால் அதே கறுப்புப் புள்ளி!

வழக்கமாகச் சரக்குப் போடும் விவசாயி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "உங்களுக்கு ஒரு பாய் அகலம் முதலாளி, எனக்கு ஒரு ஏக்கர்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு பழைய கணக்கு நோட்டுகளைப் புரட்டினேன். லேசாகப் புள்ளி விழுந்த கோரைக்குக் கருஞ்சிவப்புச் சாயம் ஏற்றினால் புள்ளி தெரியாது. அப்படி நெய்த பாயை நான் ஒருநாளும் குறைத்து விற்றதில்லை. கழிவு மட்டும் அவர்கள் தலையில். அவர்களில் சிலர் கோரையையே விட்டு வாழைக்குப் போய்விட்டார்கள்.

இப்போது சாயத்துக்கு ஆகும் கோரைக்குக் கழிவு கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். மகனுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. போன மாதம் நாலு தார்ப்பாய் வாங்கி, ஆற்றங்கரைக் களத்துக்கு அனுப்பினேன். அந்தச் செலவை என் சொந்தக் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டான்.