ஆற்றங்கரையில் டிரெய்லர் கேம்பிங்... நள்ளிரவில் வெள்ளம் வந்தால் வண்டியோடு தப்ப முடியுமா?

அமெரிக்காவில் கோடை விடுமுறை என்றாலே பலருக்கு டிராவல் டிரெய்லர்தான். கட்டில், அடுப்பு, கழிவறை என ஒரு குட்டி வீட்டையே பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துச் சென்று, ஊருக்கு ஒதுக்குப்புறமான ஆற்றங்கரை கேம்ப்கிரவுண்டில் நாள்கணக்கில் தங்குகிறார்கள். செல்போன் சிக்னல் கிடையாது, ஹாரன் சத்தம் கிடையாது. அந்த அமைதிக்காகத்தான் போகிறார்கள். ஆனால், அதே அமைதி சில இரவுகளில் உயிருக்கே ஆபத்தாகிவிடுகிறது. எப்படி?

2010-ல் என்ன நடந்தது?

ஆர்கன்சாஸ் மாநிலத்தின் வாஷிட்டா தேசிய வனத்தில், லிட்டில் மிசோரி ஆற்றங்கரையில் இருக்கிறது ஆல்பர்ட் பைக் கேம்ப்கிரவுண்ட். 2010 ஜூன் 11 அதிகாலை, எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது மலைப்பகுதியில் கொட்டிய மழை ஆற்றில் இறங்கியது. சுமார் 3 அடியாக இருந்த நீர்மட்டம் சில மணி நேரத்தில் 23 அடியைத் தாண்டியது. ஒரு கட்டத்தில் மணிக்கு 8 அடி வேகத்தில் ஏறியது. டிரெய்லர்கள் அடித்துச் செல்லப்பட்டு மரங்களில் மோதி நொறுங்கின. குழந்தைகள் உட்பட 20 பேர் உயிரிழந்தனர்.

வானிலை மையம் எச்சரிக்கை கொடுத்திருந்தது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் செல்போன் சிக்னலே இல்லை!

2025 ஜூலை 4 அன்று டெக்சாஸின் குவாடலூப் ஆற்றிலும் இதே கதைதான். 45 நிமிடங்களில் சுமார் 26 அடி தண்ணீர் உயர்ந்ததாக மாநில அரசு தரப்பில் கூறப்பட்டது. கரையோரம் நின்ற டிரெய்லர்களும் தப்பவில்லை. அந்த வெள்ளத்தில் மாநிலம் முழுவதும் 130-க்கும் மேற்பட்டோர் பலியாகினர்.

ஆற்றோரம் ஏன் இவ்வளவு ஆபத்து?

டிரெய்லர் நிறுத்த சமதளம் வேண்டும். மலைப்பகுதியில் அப்படிப்பட்ட சமதளம் பெரும்பாலும் ஆற்றோரத்தில்தான் கிடைக்கும். அந்தச் சமதளத்தை உருவாக்கியதே பழைய வெள்ளங்கள் கொண்டுவந்து போட்ட மண்தான். அதாவது, அது ஆற்றுக்குச் சொந்தமான இடம்.

‘நூறாண்டு வெள்ளம்’ என்றால் நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று அர்த்தம். 30 வருஷக் கணக்கில் பார்த்தால், ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு சுமார் 26 சதவீதம்.

இன்னொரு விஷயம், தங்கியிருக்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டும் என்ற அவசியமே இல்லை. மேலே மலையில் பெய்தாலே போதும்.

டிரெய்லரை இழுத்துக்கொண்டு கிளம்ப முடியாதா?

டிரெய்லருக்கு சொந்த இன்ஜின் கிடையாது. தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின் ஒயர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். வெளியே நீட்டிய அறையை உள்ளே இழுக்க வேண்டும். ஜாக்குகளைத் தூக்கி, டிரக்கை சரியாகப் பின்னால் கொண்டுவந்து கொக்கியில் மாட்டி, சங்கிலி போட வேண்டும். பகலிலேயே அரை மணி நேரம் ஆகிவிடும் வேலை இது. இருட்டில், கொட்டும் மழையில்?

உள்ளேயே இருந்துவிடலாம் என்பதும் தப்புக்கணக்கு. 2 அடி ஆழத்துக்கு வேகமாக ஓடும் தண்ணீரே பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் சென்றுவிடும் என்கிறது அமெரிக்க தேசிய வானிலை சேவை. டிரெய்லரோ எடை குறைவான வெற்றுப் பெட்டி மாதிரி. சீக்கிரமே மிதக்க ஆரம்பித்துவிடும்.

அப்போ என்னதான் செய்யணும்?

* சிக்னல் இருக்கும்போதே, ஆறு உற்பத்தியாகும் மலைப்பகுதிக்கான வானிலையையும் பார்க்க வேண்டும். ‘வாட்ச்’ என்றால் வெள்ளம் வர வாய்ப்பு இருக்கிறது. ‘வார்னிங்’ என்றால் வந்துவிட்டது, அல்லது வரப்போகிறது. வாட்ச் இருந்தாலே அன்றிரவு கரையோரம் தங்கக் கூடாது.

* மரக்கிளைகளில் குப்பையும் சருகும் சிக்கியிருந்தால், முன்பு அந்த உயரம் வரை வெள்ளம் வந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே டிரெய்லரை நிறுத்தக் கூடாது.

* பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ கையில் இருக்கட்டும். செல்போன் டவர் இல்லாத இடத்திலும் எச்சரிக்கை ஒலிக்கும். ஆனால் ஆழமான பள்ளத்தாக்குகளில் அதுவும் எடுக்காமல் போகலாம். போனதும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

* மேட்டுக்குப் போகும் வழியை வெளிச்சம் இருக்கும்போதே குடும்பத்தோடு ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். டார்ச்சும் செருப்பும் கதவருகே இருக்கட்டும்.

* தண்ணீர் ஏறினால் உடனே நடந்தே மேட்டுக்கு ஏற வேண்டும். வெளியேறும் சாலை பல இடங்களில் அதே ஆற்றைக் கடந்துதான் போகும். அதனால் காரில் தண்ணீரைக் கடக்க முயற்சிக்கவே கூடாது.

பல வருஷம் தவணை கட்டி வாங்கிய டிரெய்லரை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனசு வராது. ஆனால் வெள்ளம் கொடுப்பது சில நிமிடங்கள் மட்டுமே. அந்த நிமிடங்களில் வண்டியைப் பார்க்காமல் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேடு ஏறுவதுதான் உயிரைக் காப்பாற்றும்.